மாப்பிள்ளை வண்டி இடப்பக்கம் சாயுது

வாய்யா மாப்ள. வண்டியை ரோட்டோரமே நிறுத்திட்டு வந்தியா? நல்லதாப் போச்சு. உள்ள கொண்டாந்தா வேப்பமரத்து மேல சாஞ்சு படுத்துக்குமோன்னு உங்க அத்தை காலையிலருந்து கவலையில இருக்கா.

இதுவரைக்கும் நீ பாத்த வைத்தியத்தை எல்லாம் கேள்விப்பட்டேன். இடப்பக்கம் தொங்குதுன்னு முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டின. கட்ட வேண்டியதுதான், ஊர்க்கண்ணு பொல்லாதது. அப்பறம் ஷாக் அப்சார்பர் நாலையும் மாத்தின. புதுசா, செவப்பா, பாக்க லட்சணமாத்தான் இருக்குது. தொங்கல் மட்டும் தொங்கலாவே இருக்குது. இருக்காம எங்க போவும்? பாரத்தைத் தாங்கறது ஸ்பிரிங் பட்டை. பட்டை ஆடறதை அடக்கறதுதான் ஷாக்குக்கு வேலை. அதைக் கழட்டி வீசினாலும் வண்டி இதே உசரத்துலதான் நிக்கும். போறப்ப குதிக்கும், அவ்வளவுதான். பழத்துக்கும் ஷாக்குக்கும் இந்த விஷயத்துல ஒரே பலன்தான் மாப்ள. என்ன, பழம் மலிவு.

நம்ம மேட்டூர் அணையை 1934-ல கட்டி முடிச்சான். 120 அடிக்கு இன்னும் எத்தனை அடி குறையுதுன்னு தஞ்சாவூர்க்காரன் பேப்பரைப் பிரிச்சதும் அதைத்தான் தேடறான். அத்தாம்பெரிய அணைக்கே தெனமும் அளவு. உன் பிக்கப்புக்கு மட்டும் வெறுங்கண்ணு போதுமாக்கும்? “பாத்தாலே தெரியுதுங்க மாமா”ங்கற. என்ன தெரியும்? மழைத்தண்ணி வழியட்டும்னு நடுவுல ஏத்தி ஓரத்துல எறக்கித்தான் ரோடு போடறான். நீ நிறுத்தியிருக்கற எடத்துல கலெக்டர் வண்டியை நிறுத்தினாலும் இடப்பக்கம்தான் சாயும்.

லோடு எறக்கிட்டு, தரையோட தரையா இருக்கற எடைமேடைக்கு ஓட்டிக்கிட்டுப் போ. மட்டமான எடம் நம்மூருல கெடைக்கறது கஷ்டம், அங்க கெடைக்கும். ரெண்டு பக்கமும் காத்து சமமா இருக்கணும். ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் மொட்டையும் போட்டு ஓட்டறியான்னு நான் கேக்க மாட்டேன், நீயே பாத்துக்க. சக்கரத்து நடுவுலருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்பு புடி. நாலு மூலையும் எழுது. மனசுல வெச்சுக்காத, உன் மனசு எனக்குத் தெரியும். இடது வலது அரை இஞ்சு மாறுதுன்னா பேசாம வீட்டுக்குப் போயி சோறு தின்னு. ஒரு இஞ்சைத் தாண்டினாத்தான் தேடணும். அப்பவும் கீழ குனிஞ்சு சேசிஸுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல இன்னொருக்கா அள. மேல வித்தியாசம், கீழ சமம்னா, பட்டை மேல பழி போடாத. பாடிக்கடியில இருக்கற ரப்பர் நஞ்சு போயிருக்கும்.

தொங்கற மூலைதான் குத்தவாளின்னும் முடிவு கட்டிராத. முன்னாடி வலது மூலை தூக்கி நின்னா, பின்னாடி இடது மூலைதான் அமுங்கும். திருடினவன் ஒருத்தன், ஜெயிலுக்குப் போறவன் ஒருத்தன். இதைக் கண்டுபுடிக்கப் பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு முட்டுக் குடுத்துட்டு, முன்னாடி குறுக்கு மெம்பருக்கு நட்டநடுவுல ஜாக்கி வெச்சு, முன்பட்டைக்குப் பாரம் இல்லாதபடி தூக்கு. பின்னாடி போயி நின்னு பாரு. பின்பக்கம் நேராயிருச்சுன்னா கோளாறு முன்னாடி. அப்பவும் தொங்கினா பின்னாடியேதான். ஜாக்கியை நம்பி அடியில தலையை மட்டும் விட்றாத. உனக்கு இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கோம்.

உன் வண்டியில பின்னாடிதான்னு எனக்கு ஒரு ரோசனை. இருந்தாலும் நீ அளந்துட்டு வா.

பின்பட்டைக் கட்டுல மண்ணைச் சொரண்டிப் பாரு. யூ போல்ட்டுக்கு ஒட்டினாப்புல, சென்டர் போல்ட்டு சுத்துலதான் பட்டை ஒடையும். ஒடஞ்சாலும் கட்டுக்குள்ளயே உக்காந்துக்கிட்டு வெளிய காட்டாது. துரு கோடு ஓடுதான்னு பாரு. சேசிஸுக்கடியில தடுப்பு ரப்பர் இருக்கும் பாரு, அது ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கிப் பளபளன்னு இருந்தா அந்தப் பக்கத்துப் பட்டை அசந்துபோச்சுன்னு அர்த்தம். சாக்கிள் ரெண்டும் ஒரே சாய்வுல நிக்குதா, புஷ் தேஞ்சு பின்னு ஆடுதா, இதெல்லாம் கையில தொட்டா தெரியும். சென்டர் போல்ட்டே அத்துப்போயிருந்தா அச்சு எடம் மாறியிருக்கும். அப்ப வண்டி நேராப் போவாது, தெருநாய் ஓடறாப்புல மூஞ்சி ஒரு பக்கம், வாலு ஒரு பக்கமாப் போவும். முன்சக்கர நடுவுலருந்து பின்சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்தா அந்த வண்டவாளமும் வெளிய வந்துரும்.

இனி நீ ஏத்தற கல்லுக்கு வருவோம். தெர்மல் சாம்பல்ல அறுத்த கல்லு. சாம்பல்தானே, ஊதினாப் பறக்கும்னு நெனச்சுட்ட போல. ஒரு கல்லு மூணு கிலோ மாப்ள. நடைக்கு ஆயிரம் கல்லு ஏத்தறன்னு டீக்கடையில நீயே மார் தட்டின. ஆயிரம் கல்லுன்னா 3 டன். உன் ஆர்.சி. புக்குல 1,700 கிலோன்னு போட்டிருக்குது. மீதி 1,300 கிலோ யாரு தாங்கறது, எலுமிச்சம்பழமா? அடுத்த தெருவுல ஒருத்தன் குட்டியானை வெச்சிருக்கான். அதுல ஏத்தச் சொன்ன மொத்தப் பாரமே 750 கிலோதான். அந்த மாதிரி ரெண்டு வண்டி லோடுக்கு நெருக்கமா உன் வண்டி மேல அதிகப்படியா உக்காந்திருக்குது. அதுலயும் ஏத்தற ஆளு நிக்கறது இடப்பக்கம். கை எட்டற வரைக்கும் அங்கயே அடுக்குவான், வலப்பக்கம் ஏதோ கடமைக்கு நாலு வரிசை. நங்கவள்ளி ரோட்டுல பஸ்ஸுக்கு ஒதுங்கறப்ப தார் விளிம்புலருந்து எறங்கறதும் இடது சக்கரம்தான். அத்தனையும் அந்த ஒரு பட்டைக்கட்டு தலையில விடிஞ்சா அது என்னதான் பண்ணும்?

எடைமேடைக்காரன் கோவிச்சுக்கலைன்னா, ஒரு நாளு லோடோட போயி இடது சக்கரம் ரெண்டை மட்டும் மேடையில ஏத்தி எடை பாரு. அப்பறம் வலது ரெண்டை. சீட்டு ரெண்டையும் வாங்கிட்டு வந்து எனக்குக் காட்டு. எனக்கும் பொழுது போவணுமில்ல.

பட்டறைக்குப் போனா, “இடப்பக்கம் மட்டும் ஒரு பட்டை சேத்துத் தரேன், நின்னுக்கும்”பான். நிக்கும். லோடு இருக்கறப்ப நேரா நிக்கும், லோடு எறக்கினா வலப்பக்கம் சாயும். அதுக்கு முன்னாடி, “ரெண்டு கட்டையும் பக்கம் மாத்திப் போடுங்கண்ணா, கூலி தரேன்”னு கேளு. சாய்வும் கூடவே பக்கம் மாறினா பட்டை போச்சு. மாறாம அதே இடப்பக்கமே நின்னா பட்டையில ஒண்ணுமில்ல, சேசிஸோ சாக்கிள் தொங்கற கொக்கியோ வளைஞ்சிருக்குது. அது பெரிய செலவு, உங்கப்பனைக் கூட்டிக்கிட்டு வா. பட்டைதான்னு தெரிஞ்சா ரெண்டு பக்கமும் சேத்து மாத்திரு. புதுசையும் பழசையும் ஜோடி போட்டா மறுபடியும் கோணல்தான். யூ போல்ட்டைக் கொஞ்ச நாளு ஓட்டினதுக்கப்பறம் திருப்பி ஒருக்கா முறுக்கச் சொல்லு; மறந்துட்டு வந்து என்கிட்ட ஒப்பாரி வெக்காத.

கழட்டின பழைய பட்டையைப் பட்டறையிலயே விட்டுட்டு வந்தராத. பழைய இரும்புக்காரன்கிட்ட எடைக்கும் போட்றாத. நல்ல பதம் உள்ள எஃகு அது. நேரா இங்க கொண்டா. ஆசாரிகிட்டக் குடுத்துக் கொடுவா அடிக்கணும். ரெண்டு பக்கமும் சேத்து மாத்துன்னு சொன்னது அதுக்காகன்னு நெனச்சுக்காத. ஆனாலும் பாரு, நம்ம வீட்டுலயும் அருவா ரெண்டும் மழுங்கித்தான் கெடக்குது.