ஐந்தையும் அடக்கியவர்கள்

கடலே இல்லாத மதுரைக்காரனுக்குக் கடலாமையைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ஆனால் இறாலுக்கு அதெல்லாம் ஒரு தூரமா? ஐஸ் பெட்டியில் படுத்தபடியே வந்து இறங்கிவிடுகிறது. பண்ணை இறாலா, கடல் இறாலா, எந்தப் படகின் மடிவலையில் விழுந்தது என்று விசாரித்துக்கொண்டு எவரும் பரோட்டாவை ஆறவிடுவதில்லை. பங்குனி வாக்கில் நாமும் பதில் மரியாதையாக வேன் பிடித்துக் கடற்கரைக்குப் போகிறோம், ஆமைக்குஞ்சு பார்க்க.

குஞ்சு விடும் விழாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கடற்கரை என்று சொல்லவில்லை, எல்லாம் ஒரே அச்சுதான். பிளாஸ்டிக் பேசினில் இரண்டு விரல் அகலக் கறுப்புக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் துழாவிக்கொண்டிருக்கும். மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு, அந்தத் தெம்பிலேயே முதல் நாள் முழுக்க ஆழ்கடலை நோக்கி நீந்தவேண்டிய பிறவி. பிரமுகரின் கார் இன்னும் வரவில்லை. குஞ்சு பேசினுக்குள்ளேயே நீந்தி அந்தத் தெம்பைத் தீர்க்கிறது. கார் வருகிறது, துண்டு வருகிறது, தொண்டை கனைப்பு வருகிறது. வெளிச்சம் தெரியும் பக்கம் போகிற உயிருக்கு முன்னால் கடல் பளபளக்கிறது, பின்னால் ஐம்பது செல்போன் பளபளக்கிறது. பாதிக் குஞ்சு பிரமுகரின் செருப்பை நோக்கி வருகிறது. "பாருங்க, ஐயாவைத் தேடி வருது" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரிக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் படம்.

படம் பார்த்தாயிற்று. இனிக் கணக்கு. 2024 பருவத்தில் தமிழகக் கடற்கரைகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான குஞ்சுகள் விடப்பட்டன. ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளர்ந்தால் அதிர்ஷ்டம் என்பார்கள் ஆமைக்காரர்கள். அப்படியென்றால் அவ்வளவு கைதட்டலுக்கும் சேர்த்துக் கடைசியில் மிஞ்சுவது இருநூறு சொச்சம் ஆமை, அதுவும் பத்துப் பதினைந்து வருடம் கழித்து. 2025 ஜனவரியில், ஒரே மாதத்தில், சென்னையும் அதை ஒட்டிய கரைகளுமாக ஒதுங்கிய செத்த ஆமைகள் ஆயிரத்துக்கு மேல். வளர்ந்த ஆமைகள், பெருக்கிப் பார்த்தால் பத்து லட்சம் குஞ்சு. ஏறக்குறைய ஐந்து வருட விழாவை ஒரு மாதத்தில் முடித்துவிட்டோம். அதற்குத் துண்டு போட ஆள் வரவில்லை.

கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. மூச்சுமுட்டிச் செத்ததற்கு அடையாளம். கடலில் வாழ்ந்தாலும் ஆமை நுரையீரல் உள்ள பிராணி. அவ்வப்போது மேலே வந்து மூச்சு வாங்கவேண்டும். விசைப்படகின் இழுவை மடி மணிக்கணக்கில் அடியில் இழுபடுகிறது. உள்ளே மாட்டியது மேலே வருவதற்குள் கதை முடிகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப்படகு மடி போடக்கூடாது என்று 1983ஆம் ஆண்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியே விதி இருக்கிறது. பங்குனி ஆமை எனப்படும் இந்த ஆமை முட்டையிடக் கூடுவதும் அதே கரையோரத் தண்ணீரில்தான். நாட்டுப்படகுக்காரரும் அங்கேதான் பிழைக்கிறார். அவருடைய வலையையும் இதே விசைப்படகு அறுத்துக்கொண்டு போகிறது. "மீனவர்தான் கொன்றார்" என்று மொத்தமாகப் பழி போடுகிற பட்டணத்துப் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஆமைபோல ஐந்தையும் அடக்கச் சொன்னார் வள்ளுவர். கடலாமைக்கு அந்த வசதி கிடையாது. தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள அதனால் முடியாது. ஆனால் வள்ளுவர் வாக்கு பொய்க்கவில்லை. ஐந்து மைலையும் காவல் காக்கவேண்டிய துறைகள் கண், காது, மூக்கு, வாய், கை எல்லாவற்றையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு யோகநிலையில் அமர்ந்திருக்கின்றன. ஆயிரம் பிணம் அழுகிய நாற்றம்கூட அந்த ஓட்டைத் துளைக்க நேரம் எடுத்தது.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். ஆமை வந்தது, பிணமாக. அமீனாவும் வந்தது, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானே முன்வந்து வழக்கு எடுத்தது. இரண்டும் புகுந்த பிறகும் ஆபீஸ்கள் அமோகமாக நடக்கின்றன. பழமொழியைத்தான் திருத்தவேண்டும்.

இந்தச் சாவைத் தடுக்க வழி இல்லாமல் இல்லை. மடியின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச்சட்டம், அதற்கு மேலே ஒரு திறப்பு. இறால் கம்பிகளுக்கு இடையே புகுந்து போகும், ஆமை சட்டத்தில் முட்டித் திறப்பு வழியே வெளியேறும். ஆமை விலக்கி என்பது இவ்வளவுதான்; ராக்கெட் இல்லை. கொச்சியில் உள்ள மத்திய நிறுவனமே நம் கடலுக்கேற்றபடி ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறது. இப்படி ஒரு விலக்கியை மாட்டச் சொன்ன அமெரிக்காவை எதிர்த்து மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பு வரை போய் வழக்காடிய நாடு இது. 1998இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கா ஆளுக்கொரு நியாயம் வைத்ததாக, நமக்குச் சாதகமாகவே. பாகிஸ்தானோடு நாம் ஒற்றுமையாக நின்ற அபூர்வ தருணம் ஒரு கம்பிச்சட்டத்தை எதிர்த்துத்தான்.

மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 61 நாள், ஏப்ரல் 15இல் தொடங்கி. ஆமை கூடுவதும் முட்டையிடுவதும் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. தாய் போன பிறகு பிரசவ வார்டைத் திறக்கும் ஏற்பாடு. மீன் பெருகத்தான் அந்தத் தடை என்று விளக்கம் வரும். சரி, ஆமைக்கு என்ன ஏற்பாடு என்றால், அதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆமாம், இருக்கிறார்கள். 1970களில் சென்னைக் கரையில் சிலர் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றத் தொடங்கினார்கள். 1988 முதல் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறது. மற்ற ஊர்களில் மீனவ இளைஞர்கள். நள்ளிரவில் மணலில் தடம் பார்த்து, கோலால் மெல்லக் குத்தி, மணல் இளகும் இடத்தில் கையால் தோண்டி, நூறு சொச்சம் முட்டையை நாய்க்கு முந்தி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். செத்ததையும் அவர்களே அளந்து எழுதுகிறார்கள். பிள்ளைகளுக்குக் கிடைப்பது சான்றிதழ், அதிலும் சில சமயம் பெயர் தப்பு. சம்பளமும் ரோந்துப் படகும் உள்ளவர்கள் வேறு.

அடுத்த விழாவுக்கு ஒரு யோசனை. குஞ்சுப் பேசினுக்குப் பக்கத்தில் செத்த தாய் ஒன்றையும் மேடையில் கிடத்துங்கள். பிரமுகர் அந்தப் பிதுங்கிய கண்ணைப் பார்த்துவிட்டுப் படத்துக்குச் சிரிக்கட்டும். நாற்றம் தாங்காது என்றால் கவலை வேண்டாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து ரெண்டு மூட்டை மல்லிகை பஸ்ஸில் போட்டு அனுப்புகிறோம். இறால் தின்ற ஊர் அந்தச் செலவையாவது ஏற்கும்.