எக்ஸ்200-இன் மூலபாடம்: ஒரு பதிப்பியல் ஆய்வு

பழைய மடிக்கணினிக்கு அதன் பிறவி பயாஸைத் திரும்பப் போடுவது பதிப்பியலின் ஒரு கிளை. அறிஞர்கள் இதை இதுவரை கண்டுகொள்ளவில்லை. இக்குறையைப் போக்க, லெனோவோ 2008இல் வெளியிட்ட திங்க்பேட் எக்ஸ்200 இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

சுவடி இருக்குமிடம், தட்டச்சு செய்கிறவரின் மணிக்கட்டுக்குக் கீழே. அது ஒரு ஃபிளாஷ் சிப். எட்டுக் கால் உள்ளது 4 மெகாபைட், பதினாறு கால் உள்ளது 8 மெகாபைட். அதற்குள் பயாஸ் தனியாகக் குடியிருக்கவில்லை. பொருளடக்கம் போல 4 கிலோபைட்டில் டிஸ்கிரிப்டர், அந்தக் கணினிக்கே உரிய மேக் எண்ணைத் தாங்கும் 8 கிலோபைட் பகுதி, பிறகு அழைக்காமலே வந்து உட்கார்ந்த இன்டெல் மேனேஜ்மென்ட் எஞ்சின்.

இந்த எஞ்சினை அடியோடு நீக்க இடம்கொடுக்கும் மாடல் என்பதால்தான் எக்ஸ்200 மேல் சிலருக்கு அவ்வளவு காதல். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில், பயாஸுக்கு மாற்றாக 1999இல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கி 2008இல் கோர்பூட் எனப் பெயர் மாறிய திட்டம் ஒன்று உண்டு. அதன் வழிவந்த லிப்ரபூட் ஏற்றப்பட்ட எக்ஸ்200-க்கு, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2015இல் சான்றிதழே வழங்கியது. மூலபாடக்காரர்கள் பார்வையில் லிப்ரபூட் முழுக்க இடைச்செருகல்.

ஒருநாள் கணினியை விற்க நேர்கிறது. வாங்குபவர் விண்டோஸ் கேட்கிறார், லிப்ரபூட்டோ அதற்கு உகந்ததல்ல. மூலத்தைத் தேடும் படலம் அங்கே தொடங்குகிறது.

ஆய்வாளர்கள் இரு கட்சி. தயாரிப்பாளர் தரும் அப்டேட் கோப்பே மூலம் என்பது ஒரு கட்சி. இவர்கள் வாதம் நிற்காது: அந்தக் கோப்பில் ஒருவருடைய சொந்த மேக் எண் இருக்க வழியில்லை. லிப்ரபூட்டை ஏற்றுமுன் சிப்பை முழுதாகப் படித்துச் சேமித்த கோப்புதான் மூலம் என்பது மறுகட்சி. சேமிக்காதவர்களும் இக்கட்சியின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறார்கள், பெருமூச்சோடு.

படிக்கும் முறை தனிக்கலை. சிப்பின் கால்களில் கிளிப்பை மாட்டி, ஃபிளாஷ்ராம் நிரலால் இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளின் செக்சம்மை ஒப்பிட வேண்டும். வேறுபட்டால் அது பாடபேதம், கிளிப் நழுவியிருக்கலாம். அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க இத்துறையில் வசதி கிடையாது, ஒத்துப்போகும்வரை மறுபடி படிக்கத்தான் வேண்டும். சிஎச்341ஏ என்ற மலிவான கறுப்புப் பலகையைப் பயன்படுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை: 3.3 வோல்ட் சிப்பின் தரவுக் கால்களுக்கு அது 5 வோல்ட்டை அனுப்பும் பழக்கமுடையது. இப்படிப்பட்ட உரையாசிரியர்களிடம் சுவடியைக் கொடுக்கலாமா என்பதை வாசகர் முடிவுக்கு விடலாம்.

திரும்பி வருவதோ வியப்பூட்டும் அளவுக்கு எளிது. பழைய பயாஸ் தன்னை அழிக்கவிடாமல் பூட்டி வைத்திருந்தது. லிப்ரபூட் பெரும்பாலும் பூட்டுவதில்லை. லினக்ஸுக்குள்ளிருந்தே ஃபிளாஷ்ராமுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் போதும். ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

அப்புறம் ரீஸ்டார்ட். திங்க்பேட் முத்திரை ஒளிர்கிறது. உடனே 1802 என்ற பிழை எண்: அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு மாட்டப்பட்டுள்ளது, அகற்றவும். லிப்ரபூட் காலத்தில் ஆசையாக வாங்கிப் போட்ட அத்தரோஸ் வைஃபை கார்டு, லெனோவோவின் அனுமதிப் பட்டியலில் இல்லை. பட்டியலையே நீக்கித் திருத்திய பயாஸ் பதிப்புகளும் உலவுகின்றன. அவற்றை மூலபாடம் என்று எந்தக் கட்சியும் ஏற்கக் கூடாது, ஆனால் பலர் ஏற்றுகிறார்கள். மற்றவர்கள் பழைய கார்டைத் தேடியெடுத்து, மணிக்கட்டுப் பகுதியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கிறார்கள்.