திலாப்பியாவுக்கு ஜீரண மருந்தா?

கேள்வி: மூவாரில் குளம் வெட்டித் திலாப்பியா வளர்க்கிறேன். தீனியில் என்சைம் கலந்தால் மீன் சீக்கிரம் எடை போடும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஐயா, எந்தத் தீனி, எந்த என்சைம் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். மீன்தூள் விலை ஏறியதும் சோயாவையும் செம்பனை விதைப் பிண்ணாக்கையும் மீனின் தலையில் கட்டியவர்கள் நாம்தான். சோயாவிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி ஃபைட்டிக் அமிலத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதற்குச் சாவி ஃபைட்டேஸ் என்னும் என்சைம். மீன் குடலில் அது போதிய அளவு சுரப்பதில்லை. எலும்புக்குப் போக வேண்டிய சத்து எச்சத்தோடு வெளியேறிவிடும். காசு உங்களுடையது, விருந்து குளத்துப் பாசிக்கு!

செம்பனைப் பிண்ணாக்கின் சிக்கல் வேறு: மானன் என்னும் கடினமான நார். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், என்சைமில் பதப்படுத்திய பிண்ணாக்கைத் தின்ற சிவப்புத் திலாப்பியா, பச்சைப் பிண்ணாக்கைத் தின்றதைவிட நன்றாக வளர்ந்தது. நம் செம்பனை நாட்டுக்கு இது பெரிய சேதி.

ஆனால் என்சைம் சூடு தாங்காது. குருணைத் தீனி ஆறிய பிறகு, என்சைமைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மேலே கொஞ்சம் எண்ணெய் பூசுங்கள். தூளை மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், ஒவ்வாமை வரும். இன்னொன்று: எல்லாவற்றுக்கும் என்சைம் மருந்தல்ல. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அது பசியல்ல, மூச்சுத் திணறல். அப்போது காற்று பம்பைப் போடுங்கள், என்சைம் டப்பாவைத் தேடாதீர்கள்.