அடிமூடியைத் திறக்க அனுமதி கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: தங்கள் லேப்டாப்பைக் காசு கொடுத்து வாங்கிய ஒருவர், சென்னை.

பெறுநர்: உயர்திரு வாரண்டி அதிகாரி அவர்கள். (நிறுவனத்தின் பெயர் லேப்டாப் மூடியின்மேல் ஏழு நிறத்தில் மின்னிக்கொண்டிருப்பதால் இங்கே தனியாக எழுதவில்லை.)

பொருள்: கேமிங் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்ற அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி அடிமூடியில் தாங்கள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்.

ஐயா,

வணக்கம். லேப்டாப்பின் பில் என் பெயரில் இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டியும் நான்தான் கட்டினேன். ஆனால் அடிமூடியின் நடு ஸ்க்ரூவுக்கு மட்டும் பட்டா இன்னும் தங்கள் பெயரிலேயே இருப்பதாகத் தெரிகிறது. அதன் தலையில் கட்டைவிரல் நகமளவு ஒரு ஸ்டிக்கர். கிழிந்தால் வாரண்டி செல்லாது என்ற வாசகம். ஊதினாலே கிழியும் தாளில் அச்சிட்டிருக்கிறீர்கள். துடைக்கும்போதுகூட அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

இதே மாடலின் விளம்பரத்தில், ரேமை 32 ஜிபி வரை கூட்டலாம், எஸ்எஸ்டி போட இரண்டு எம்.2 இடங்கள் உண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த இரண்டுக்கும் போகிற ஒரே வழி மேற்படி ஸ்க்ரூ.

எதற்காகத் திறக்க வேண்டும் என்று கேட்பீர்கள். தாங்கள் போட்டுத் தந்திருப்பது 8 ஜிபி ரேம், அதுவும் ஒரே ஸ்டிக். பக்கத்து ஸ்லாட் காலி. டாஸ்க் மேனேஜரே இரண்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. டிடிஆர்4 3200 ரேம் ஒற்றை ஸ்டிக்காக இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி, ஜோடியாகப் போட்டால் 51.2. விலையுயர்ந்த பிராசசரையும் கிராபிக்ஸ் சிப்பையும் வைத்துவிட்டுப் பாதிப் பாதையை அடைத்திருக்கிறீர்கள். விளையாட்டில் தெருமுனை திரும்பும்போதெல்லாம் படம் திக்குகிறது. தங்கள் கஸ்டமர் கேரில் சொன்னேன். கிராபிக்ஸ் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். பிறகு விண்டோஸையே எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். அதற்கும் அடங்காததால் மதர்போர்டை மாற்றிப் பார்க்கலாம் என்றார்கள். காலி ஸ்லாட்டில் இன்னொரு ஸ்டிக் போடுங்கள் என்று சொல்ல மட்டும் அங்கே ஒருவருக்கும் அதிகாரம் இல்லை போலும்.

என் மச்சானிடமும் இதே மாடல் இருக்கிறது. வாரண்டி முடிந்துவிட்டதால் அவன் சுதந்திர மனிதன். நான் கீழே எழுதுவதெல்லாம் அவன் லேப்டாப்பில் பார்த்தது. என்னுடைய ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, அன்றைய செய்தித்தாளோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூ எல்லாம் கழன்ற பிறகும் மூடி வரவில்லை. விளிம்பு நெடுகப் பிளாஸ்டிக் கொக்கிகள். பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பினான். ஒவ்வொரு 'டக்'குக்கும் என் தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே, காற்று வெளியேறும் துடுப்புகளின்மேல் தூசி கனமாகப் படிந்து கிடந்தது. பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினான், அப்புறம் ஒரு பெயிண்ட் பிரஷ், கொஞ்சம் பொறுமை. சுத்தம் செய்வதுகூடத் தங்கள் ஸ்டிக்கர்படி குற்றம்தான்.

இரண்டாவது எம்.2 இடத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இடம் இருக்கிறது, பொய்யில்லை. எஸ்எஸ்டி 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சாய்த்துச் செருகினால் மறுமுனை அந்தரத்தில் எழும்பி நிற்கும். அதை அமுக்கி ஒரு ஸ்க்ரூ போட வேண்டும். அங்கே ஒரு பித்தளைக் குமிழ் இருந்தது, ஸ்க்ரூ இல்லை. பெட்டியிலும் இல்லை. ரிச்சி தெருவில் "எம்2, மூணு மில்லி" என்றதும் கடைக்காரர் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, விரல் நுனியில் ஒன்றை ஒட்டி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. லட்சத்தை நெருங்கும் பொருளில் தாங்கள் மிச்சம் பிடித்தது அதைத்தான்.

இனி பயாஸ். அதற்குள் நுழைய கம்பெனிக்குக் கம்பெனி எஃப்2, எஃப்10, டெலிட் என்று சாவி மாறும், அது போகட்டும். பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போடப் போனால், டிரைவ் எதுவுமே இல்லை என்றது திரை. காரணம் எளிது. இன்டெல்லின் 11-ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற ஏற்பாடு இயங்கிய நிலையிலேயே வருகிறது. எஸ்எஸ்டி அதன் பின்னால் நிற்பதால், உரிய டிரைவர் இல்லாமல் விண்டோஸின் கண்ணுக்குப் படாது. அதை அணைக்கும் வரி பயாஸில் உண்டு. ஆனால் மெயின் பக்கத்தில் நின்று கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரி தரிசனம் தரும். கையேட்டில் இது இல்லை. லேப்டாப்பைக் குளியலறையில் வைக்காதீர்கள் என்பது விரிவாக இருக்கிறது.

அணைக்க வேண்டாம், டிரைவரை இறக்கிப் போடுங்கள் என்றார் தங்கள் அலுவலர். இறக்கினோம். அது எக்ஸ்இ கோப்பு. அதை விரிக்க விண்டோஸ் வேண்டும். விண்டோஸ் போட அது வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் விரித்து எடுத்து வந்தோம். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் விஎம்டியைத் திடீரென்று அணைத்தால் நீலத்திரை வரும், பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கச் சாவியும் கேட்கும் என்பதையும் அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. பிட்லாக்கரைக் குறை சொல்லமாட்டேன். துவக்க அமைப்பு மாறியதைக் கண்டு அது தன் வேலையைச் செய்கிறது.

செக்யூர் பூட்டும் வேண்டியதுதான். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஆடவே அதுவும் டிபிஎம் 2.0-உம் தேவை. ஆனால் தங்கள் பயாஸில் அந்த வரி சாம்பல் பூத்துக் கிடக்கிறது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்தால்தான் உயிர் வருகிறது. அதை மறந்தால் சர்வீஸ் சென்டருக்கு வர வேண்டுமாம். உள்ளே போக வழி கேட்டவன் கையில் இன்னொரு பூட்டைக் கொடுக்கிறீர்கள்.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டத்தைக் காட்டி, 2018 ஏப்ரலில் ஆறு நிறுவனங்களுக்கு அந்நாட்டு வர்த்தக ஆணையம் இப்படிப்பட்ட வாரண்டி நிபந்தனைகள் குறித்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஃபிரேம்வொர்க் என்ற நிறுவனம் லேப்டாப்போடு ஸ்க்ரூ டிரைவரையே பெட்டிக்குள் வைத்து விற்கிறது. இங்கும் 2022 டிசம்பரில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் திறந்தது. அமெரிக்காவில் விற்கும் இதே மாடலின் அடியிலும் ஸ்டிக்கர் உண்டா என்று அறிய ஆவல். இல்லையென்றால், எங்கள் விரல்களில் அப்படி என்ன அபாயத்தைக் கண்டீர்கள் என்றும் தெரிவிக்கவும்.

ஆகவே, அலுவலக வேலை நேரத்தில், தேவையானால் கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில், மூடியைத் திறந்து ஒரு ரேம் போட்டு மூடிக்கொள்ள எழுத்துபூர்வமான அனுமதி வழங்குமாறும், பயாஸில் ஒளித்திருக்கும் வரிகளைக் கையேட்டில் அச்சிடுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைப்பதாக உத்தேசம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல். சுயமுகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று – எம்2 ஸ்க்ரூ அனுப்புவதற்கு.