விசில் அடிக்காத குக்கர்

கேள்வி: பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' படத்துக்கு 2024இல் கான் விழாவின் கிராண்ட் பிரீ பரிசே கிடைத்தது. இங்கே பார்த்த பலர் "அழகுதான், ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறார்களே?

பதில்: கணவன் செத்ததும் வீட்டுக்குக் காகிதம் இல்லையென்று சமையல்காரப் பார்வதியை பில்டர் விரட்டுகிறார். நர்ஸ் அனு தன் முஸ்லிம் காதலன் ஷியாஸைப் பார்க்கப்போக புர்கா வாங்குகிறாள். அன்றைக்குப் பார்த்து மழை, ரயில் ஓடவில்லை. ஜெர்மனி போன கணவனிடமிருந்து பேச்சில்லாத இன்னொரு நர்ஸ் பிரபாவுக்கு, பெயர் போடாத பார்சலில் ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. வீடு, மதம், பிழைப்பு எல்லாம் ஆட்டம் காண்கிறது. பின்னணி இசை அதிராததால் நமக்கு ஒன்றும் நடக்கவில்லை! அரசியல் என்றால் உரக்கப் பேச வேண்டாமா என்பார்கள். 2015இல் புனே திரைப்படக் கல்லூரிப் போராட்டத்தில் நின்ற பாயலுக்குக் கோஷம் போடத் தெரியாதா? மதம் தாண்டிக் காதலிப்பவர்களுக்கு மும்பையில் முதலில் தேவை ஒதுங்க ஓர் இடம். அவர்களே குசுகுசுவென்று பேசும்போது படம் மட்டும் மைக் பிடித்தால் காட்டிக்கொடுத்தது போலாகும். 'ஐரோப்பியப் படம் மாதிரி இருக்கிறது' என்றும் ஒரு குறை. மலையாள நர்ஸ்களும் மின்சார ரயிலும் எந்த ஐரோப்பாவிலோ? ஆனாலும், படத்தின் பிற்பகுதியில் ரத்னகிரிக் கடற்கரையில் பிரபா உயிர் மீட்டவன் திடீரென்று அவள் கணவனாகப் பேசும்போது நெளிந்தவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. அந்த இடத்தில் எனக்கும் படம் தன் நிதானத்தை விட்டுக் கவிதை எழுதப் போய்விட்டதாகவே பட்டது.