டியூ டேட் சாஸ்திரம்

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களை வயது, வருமானம் எதுவும் பார்க்காமல் மூன்றே வகையில் அடக்கிவிடலாம். பில் வந்த அன்றே கட்டிவிடுகிறவர்கள் முதல் வகை. கடைசி நாள் ராத்திரி பதினொன்றரைக்குக் கட்டுகிறவர்கள் இரண்டாம் வகை. தாங்கள் கட்டாவிட்டாலும் "கட்டியாச்சா?" என்று மற்றவர்களைக் குடைகிறவர்கள் மூன்றாம் வகை. எங்கள் வீட்டில் மூன்று வகையும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறோம். முதல் வகை என் மனைவி, இரண்டாவது நான், மூன்றாவது என் மாமனார்.

மாமனார் மின்வாரியத்தில் வசூல் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் ஸ்டாம்ப் விழாத பணம் அவரைப் பொறுத்தவரை இன்னும் போய்ச் சேராத பணம். யுபிஐ-யில் கட்டிவிட்டு, போனில் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "நம்பர் இருக்கு மாப்ளே, கேஷியர் கையெழுத்து எங்கே?" என்றார்.

கடைசி நாளில் கட்டுவதற்கு என்னிடம் பொருளாதார நியாயம் உண்டு. பில் போட்ட தேதிக்கும் டியூ டேட்டுக்கும் நடுவே பதினெட்டு நாள் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பில் 40,000 ரூபாய். அந்தப் பணம் அதுவரை சேமிப்புக் கணக்கிலேயே இருந்தால், ஆண்டுக்கு இரண்டரை சதவீத வட்டிக் கணக்கில் 49 ரூபாய் கிடைக்கும். வங்கியின் பணத்தில் நாம் வட்டி பார்க்கும் ஒரே சந்தர்ப்பம் இதுதான், விடலாமா? மனைவியிடம் விளக்கினேன். "அந்த 49 ரூபாய்க்குத்தான் ஓடிபி வரலைன்னு நடுராத்திரி மொட்டை மாடிக்கு ஓடுறீங்களா?" என்றாள். கட்டாமல் விட்டால் இதே பில்லுக்குப் பல வங்கிகளில் தாமதக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டும், அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

முன்பெல்லாம் இந்த விளையாட்டுக்கே இடமில்லை. செக் எழுதி, அதன் பின்பக்கம் கார்டு எண்ணையும் போன் நம்பரையும் எழுதி, ஏடிஎம் வாசல் பெட்டியில் போட்டுவிட்டு, க்ளியராகும் வரை நாளை எண்ண வேண்டும். நெஃப்ட் வந்தது, அது ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டது. 2019 டிசம்பர் 16 முதல் அதுவும் லீவில்லாமல் 24 மணி நேரமும் ஓடுகிறது. யுபிஐ இருக்கிறது, பாரத் பில் பேமென்ட் இருக்கிறது. வசதி கூடக் கூட, தள்ளிப்போடும் வசதியும் கூடிவிட்டது. மூன்று நாள் முன்னதாகச் செக் போட்டவன் இன்று மூன்று நிமிடம் முன்னதாகச் சார்ஜரைத் தேடுகிறான்.

இதில் ரிசர்வ் வங்கி வேறு கருணை காட்டிவிட்டது. 2022-ல் வந்த உத்தரவுப்படி, டியூ டேட் தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம். சிபில் போன்ற இடங்களில் நம்மைப் போட்டுக்கொடுப்பதும் அதற்குப் பிறகுதான். இதைப் பேப்பரில் படித்த மாமனார், காலண்டரில் டியூ டேட்டைச் சுற்றியிருந்த வட்டத்தை அடித்துவிட்டு மூன்று நாள் தள்ளிப் புது வட்டம் போட்டார். "சலுகை நாள்னு ஒண்ணு சொன்னா அதுதான் கடைசி நாள். கவுன்ட்டர்ல உக்காந்து பாத்திருக்கேன், கூட்டம் அன்னிக்குத்தான் வரும்" என்று அனுபவ சாட்சியும் சொன்னார். அபராதம் வேறு, வட்டி வேறு, வட்டியும் மூன்று நாள் காத்திருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது என்று மனைவி மன்றாடிப் பார்த்தாள். வட்டம் அசையவில்லை.

அடுத்த பில்லில் 'மினிமம் டியூ' என்ற வரி அவர் கண்ணில் பட்டது. 40,000-க்குக் கீழே 2,000 என்று போட்டிருந்தது. முகம் மலர்ந்துவிட்டது. பஞ்சாங்கத்தில் மைத்ர முகூர்த்தம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கடனில் ஒரு சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்தால் முழுக் கடனும் சீக்கிரம் அடைந்துவிடும் என்பது நம்பிக்கை. "சிறு தொகை எவ்வளவுன்னு பேங்க்காரனே போட்டுக் கொடுத்துட்டான் மாப்ளே! நேரத்தை மட்டும் நாம பாத்துக்கிட்டா போதும்!"

வங்கியின் பஞ்சாங்கத்தில் அந்த முகூர்த்தம் தலைகீழாக வேலை செய்யும். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 40,000-க்கு 1,400 ரூபாய். வட்டிக்கு ஜிஎஸ்டி 252. நாம் பயபக்தியோடு கட்டிய 2,000-த்தில் அசலில் கழிவது 348 ரூபாய். இதுவும் தாராளமான கணக்கு. பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி போட்டால் இன்னும் குறையும். பாக்கி வைத்த குற்றத்துக்காக, அதன்பின் கார்டில் வாங்கும் கத்தரிக்காய்க்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆண்டுக்கு 42 சதவீதம்! முப்பதுக்கு மேல் வாங்குவது நியாயமில்லை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆக, டெல்லியிலிருந்தும் நல்ல நேரம் பிறக்கப்போவதில்லை.

கடைசியில் ஆட்டோ டெபிட்டுக்கு வந்தோம். யோசனை மனைவியுடையது. எதிர்ப்பு மாமனாருடையது. "நம்ம பணத்தை நம்மளைக் கேக்காம எடுக்க நாமே கையெழுத்துப் போடறதா? திருடன் கையில சாவியைக் கொடுத்து, நாங்க வீட்ல இல்லாத நேரம் இதுன்னு சொல்ற மாதிரி இருக்கு."

அவர் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. அந்தப் படிவத்தில் இரண்டு கட்டங்கள்: மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை. அவசரத்தில் இரண்டாவதில் டிக் போட்டுவிட்டால் மாதாமாதம், தவறாமல், குறித்த தேதியில் கடன் வளரும். கணக்கில் பணம் இல்லையென்றால் டெபிட் திரும்பிவிடும். அதற்கு ஒரு அபராதம் கார்டு பக்கம், இன்னொன்று கணக்குப் பக்கம். எங்கள் டியூ டேட்டோ 27. மாதக் கடைசியில் எங்கள் கணக்கில் இருப்பது மினிமம் பேலன்ஸும் பெருமூச்சும்தான். நல்லவேளை, பில் சுழற்சியை மாற்றிக் கேட்கும் உரிமையும் அதே 2022 உத்தரவில் இருக்கிறது. சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால் டியூ டேட் ஐந்தாம் தேதியை ஒட்டி வருமாறு கேட்டு வாங்கலாம். பணம் நம்மிடம் இருப்பது அந்த நான்கு நாள்தானே!

மொத்தத் தொகை, ஐந்தாம் தேதி என்று முடிவாகும் தறுவாயில் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "ஆட்டோ டெபிட் பணம் கட்டும், பில் படிக்காது. யாரோ நம்ம கார்டுல செருப்பு வாங்கினாலும் அதே சுறுசுறுப்போட கட்டிடும். அதனால மாசாமாசம் பில்லை ஒருத்தர் சத்தமா படிக்கணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனிதர்கள் கடைசி ராத்திரி வரை தள்ளுவது 49 ரூபாய்க்காகவும் இல்லை, மறதியாலும் இல்லை. பணம் கட்ட ஒரு நிமிடம் போதும். பில்லைத் திறந்து, போன மாதம் நாம் யாராக இருந்தோம் என்று படித்துப் பார்க்கத்தான் நெஞ்சுரம் வேண்டும். எந்த வழியில் கட்டுவது என்று வீடுகளில் நடக்கும் விவாதமெல்லாம், பில்லை யார் பார்ப்பது என்ற விவாதம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காபிக்குப் பிறகு முதல் வாசிப்பு. மாமனாருக்கு மாத்திரை வாங்குவதற்காக ஒரு ஆட்-ஆன் கார்டு கொடுத்திருந்தோம். கார்டையே நம்பாதவர், இதை மட்டும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதன் செலவுகள் தனியே அச்சாகியிருந்தன.

"மெடிக்கல் ஷாப், 640" என்று மனைவி ஆரம்பித்தாள். "அதே நாள் ஸ்வீட் ஸ்டால், 210. அடுத்த புதன் ஸ்வீட் ஸ்டால், 260. அதுக்கடுத்த புதனும் ஸ்வீட் ஸ்டால்." நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, புதன்கிழமை அவர் ஆபீஸ்ல, நான் ஸ்கூல்ல. டாக்டர் உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு சொன்னார்?"

மாமனார் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, அந்த ஆட்டோ டெபிட் ஃபார்ம் எங்கே வெச்சீங்க? இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுங்க. ஃபுல் அமவுன்ட்டே எடுத்துக்கட்டும், பரவாயில்லை. பில்லை மட்டும் வீட்டுக்கு அனுப்ப வேணாம்னு சொல்லிடுங்க."