‘கொர்ர்...’ எங்கே போயிற்று?

கேள்வி: பழைய தொலைபேசியில் ரிசீவரை எடுத்ததும் ‘கொர்ர்’ என்று கேட்குமே, செல்போனில் ஏன் அது இல்லை?

பதில்: செல்போனில் எண்ணை முழுதாக அடித்த பிறகுதான் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம், எண் மொத்தமாகப் போகிறது. அன்றைய தானியங்கி எக்ஸ்சேஞ்சில் சுழற்றச் சுழற்ற ஒவ்வோர் இலக்கமும் உடனே போகும். அதை வாங்கிக்கொள்ளும் கருவிகளோ வீட்டுக்கு ஒன்று கிடையாது. பல சந்தாதாரர்களுக்குப் பொதுவாகச் சிலதான். ரிசீவரை எடுத்ததும் கம்பியில் மின்சாரம் ஓடும். அதை உணர்ந்து எக்ஸ்சேஞ்ச், சும்மா இருக்கும் கருவியொன்றை இணைக்கும். அவசரப்பட்டு முன்பே சுழற்றினால் முதல் இலக்கம் தொலைந்து, யார் வீட்டிலோ மணி அடிக்கும். ஆக ‘கொர்ர்’ என்பது, ‘இலை போட்டாச்சு, உட்காரலாம்’ என்கிற பந்தி அழைப்பு. முன்பு ஆபரேட்டரின் குரல் செய்த வேலை அது.

எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுகள் கண்ணிமைப்பதற்குள் தயாராகிவிட்டனவே, பிறகும் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒலிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அமெரிக்காவில் அது 350, 440 ஹெர்ட்ஸ் என இரண்டு சுரங்களின் கலவை. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ், 25 ஹெர்ட்ஸில் அதிரும். எதுவானாலும், காதில் விழுந்தால் கம்பி எக்ஸ்சேஞ்ச்வரை அறுபடவில்லை என்று பொருள். மின்சாரம் அங்கிருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து வந்ததால், வீட்டில் கரண்ட் போனாலும் ஒலித்தது. ‘சிக்னல் கோடுகள் போதாதா?’ போதாது. அவை டவரின் அலை வலிமையைத்தான் காட்டும். அதற்கு அப்பால் பாதை திறந்திருக்கிறதா என்று சொல்லாது. அவ்வகையில் செல்போனில் நாம் இழந்தது உண்மையான இழப்பே.